அச்சிட்ட விலையும் அறவிலையும்

கத்தரிக்காய் வாங்கப் போகிறவர் கடைக்காரரிடம் விலை பேசுகிறார். கூறைப்புடவை எடுக்கப் போகும் குடும்பம் நான்கு கடை ஏறி இறங்குகிறது. மாடு பிடிக்கச் சந்தைக்குப் போகும் உழவர் பல்லைப் பார்த்து, சுழியைப் பார்த்து, துண்டுக்கடியில் விரல் பிடித்து விலையை முடிக்கிறார். ஆனால் மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டை மருந்துக்கடையில் நீட்டி நிற்கிறவர் எவரும் விலை பேசுவதில்லை. கடைக்காரர் சொன்ன தொகையைக் கொடுக்கிறார். கையில் காசு போதவில்லையென்றால், "பத்து நாளுக்கு வேண்டாம், மூன்று நாளுக்குக் கொடுங்கள்" என்று தாழ்ந்த குரலில் கேட்கிறார். அவருக்குத் தெரிந்த பேரம் அவ்வளவுதான்.

இதற்குக் காரணம் கூச்சம் மட்டுமன்று. மருந்து வாங்குகிறவர் தாம் வாங்கும் பொருளைத் தாமே தேர்ந்தெடுப்பதில்லை. வேறொருவர் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறார். அப்பொருளின் தரத்தையும் மதிப்பையும் கண்டறியும் அறிவு அவருக்கு இல்லை. வாங்காமல் திரும்பிப் போகும் உரிமையும் உண்மையில் அவருக்கு இல்லை. ஏனெனில் வீட்டில் காய்ச்சலில் கிடக்கும் குழந்தை அடுத்த சந்தை நாள் வரை காத்திருக்காது. தேர்வும் இல்லை, அறிவும் இல்லை, காலமும் இல்லை. இப்படிக் கையற்று நிற்கும் மனிதரிடம் எவ்வளவு இலாபம் எடுப்பது அறத்துக்கு ஒத்தது? அட்டையில் அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு காசும் வாங்காதவர் குற்றமற்றவர் என்று மனச்சான்றின் முன் சொல்லிக்கொள்ள முடியுமா? இவ்வினாவை நாம் சற்று நிதானமாக எண்ணிப் பார்ப்போம்.

மலிவாய்ப் பிறந்த மருந்து

முதலில் நம் நாட்டின் பெருமையைச் சொல்லிவிடுவதே முறை. விடுதலைக்குப் பின் பல ஆண்டுகள் இந்தியாவில் மருந்து விலை ஏழைக்கு எட்டாததாகவே இருந்தது. நீதியரசர் இராஜகோபால அய்யங்கார் 1959-இல் அளித்த அறிக்கையின் வழியில் 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் பிறந்தது. அது 1972-இல் நடைமுறைக்கு வந்தது. மருந்து என்னும் பொருளுக்குக் காப்புரிமை இல்லை, அதைச் செய்யும் முறைக்கு மட்டுமே உண்டு என்று அச்சட்டம் வகுத்தது. ஒரே மருந்தை வேறொரு வழியில் செய்யத் தெரிந்தவர் செய்யலாம் என்றானது. நம் வேதியியலாளர்கள் அவ்வாய்ப்பை நன்கு பயன்படுத்திக்கொண்டனர். உலக வணிக அமைப்பின் உடன்படிக்கையால் 2005-இல் பொருட்காப்புரிமை மீண்டும் வந்தபோதிலும், அதற்குள் இந்தியா பொதுப்பெயர் மருந்துகளின், அதாவது மக்கள் ஜெனரிக் என்று சொல்லும் மருந்துகளின், பெரும் உற்பத்திக் களமாக வளர்ந்துவிட்டிருந்தது.

அதன் பயனை உலகம் கண்டது. எய்ட்ஸ் நோயாளி ஒருவருக்கு ஓராண்டு கூட்டுமருந்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் கேட்கப்பட்ட காலத்தில், 2001-ஆம் ஆண்டு மும்பையின் சிப்ளா நிறுவனம் அதே கூட்டுமருந்தை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. ஆப்பிரிக்காவில் எத்தனையோ தாய்மார் தம் பிள்ளைகளை வளர்க்க உயிரோடு இருப்பதற்கு இப்படித் தொடங்கிய விலைச்சரிவும் ஒரு காரணம். புற்றுநோய்க்கான சோராஃபெனிப் என்னும் மருந்தின் ஒரு மாதச் செலவு ஏறத்தாழ 2,80,000 ரூபாயாக இருந்தபோது, 2012-இல் அரசு கட்டாய உரிமம் வழங்க, ஐதராபாத்து நிறுவனமொன்று அதை 8,800 ரூபாய்க்குத் தந்தது. பழைய மருந்தில் சிறு மாற்றம் செய்து புதிய காப்புரிமை கோரும் முயற்சியை 2013-இல் உச்சநீதிமன்றம் நிராகரித்தது. மருந்தை மலிவாகச் செய்யும் அறிவும் அதைக் காக்கும் சட்டமும் நம்மிடம் உண்டு என்பதற்கு இவை சான்று.

ஆனால் செய்யும் இடத்தில் மலிவாக இருக்கும் மருந்து, வாங்கும் இடத்திலும் மலிவாக இருக்கிறதா? 2021-22-ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வுக் கணக்குப்படி, நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 விழுக்காட்டை மக்கள் தம் மடியிலிருந்து நேரடியாகவே கொடுத்தனர். படுக்கையில் சேராமல் வீட்டிலிருந்தபடியே சிகிச்சை பெறுவோரின் செலவில் மருந்துக்கே பெரும்பங்கு போகிறது. உலகுக்கு மலிவு மருந்து தரும் நாட்டின் ஏழைக்கு மருந்துச் செலவே சுமையாவது எப்படி?

ஆலைக்கும் நோய்ப்படுக்கைக்கும் நடுவே

மருந்து ஆலையிலிருந்து புறப்பட்டு மொத்த வணிகர், சில்லறைக் கடை எனக் கைமாறி நோயாளியை அடைகிறது. அரசின் விலைக்கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்துகளுக்குச் சில்லறைக் கடைக்காரரின் இலாபம் 16 விழுக்காடு என்று கணக்கிடப்படுகிறது. பட்டியலுக்கு வெளியே உள்ளவற்றில் சில்லறைக்கு 20, மொத்த வணிகத்துக்கு 10 விழுக்காடு என்பது வணிகர் வழக்கம். இதில் யாரும் குறை காண முடியாது. கடை வாடகை, மின்கட்டணம், மருந்தாளுநர் சம்பளம், காலாவதியாகும் சரக்கின் நட்டம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. நம் நாட்டில் விற்கப்படும் பொதுப்பெயர் மருந்துகளுள் பெரும்பாலானவை ஏதோவொரு வணிகப்பெயரைச் சூட்டிக்கொண்டே வருகின்றன. ஒரே வேதிப்பொருள், ஒரே அளவு, ஒரே பயன். பெயர் மட்டும் நூறு. அந்தப் பெயரை மருத்துவர் நினைவில் பதிய வைப்பதற்காக நிறுவனங்கள் பிரதிநிதிகளை அனுப்புகின்றன, அன்பளிப்புகள் தருகின்றன, மாநாடுகளுக்கு அழைக்கின்றன. அச்செலவு முழுவதும் நோயாளியின் தலையில் விழுகிறது. மருத்துவர்களுக்குத் தரும் அன்பளிப்பை நிறுவனங்கள் வரிக்கழிவுக்குரிய செலவாகக் காட்டக்கூடாது என்று 2022 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்ததிலிருந்தே இவ்வழக்கம் எவ்வளவு வேரோடியிருந்தது என்பது விளங்கும்.

மற்றொரு வகை மருந்தும் உண்டு. அதற்குப் பிரதிநிதியும் இல்லை, விளம்பரமும் இல்லை. நிறுவனம் அதை மொத்த வணிகர் வழியாக மிகக் குறைந்த விலைக்குக் கடைக்குத் தள்ளுகிறது. அட்டையிலோ மிக உயர்ந்த விலையை அச்சிடுகிறது. உதாரணத்துக்கு, பத்து மாத்திரை அட்டை ஒன்று கடைக்கு 8 ரூபாய்க்கு வருகிறது, அதன்மேல் 40 ரூபாய் என்று அச்சிட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் 40 ரூபாய்க்கு விற்றால் சட்டத்தை மீறவில்லை. 36 ரூபாய்க்குக் கொடுத்து, "பத்து விழுக்காடு தள்ளுபடி" என்றால் நோயாளி நன்றி சொல்லிவிட்டுப் போகிறார். மலிவு மருந்தின் மலிவு முழுவதும் கடையின் கல்லாவோடு நின்றுவிட்டது. வணிகப்பெயர் மருந்தில் விளம்பரத்துக்குப் போகும் பங்கு, இங்கே விற்பவருக்குப் போகிறது. இரண்டிலும் நோயாளிக்குப் போய்ச் சேர்வது ஒன்றுமில்லை.

இது சிறு கடைகளின் கதை மட்டுமன்று. 2018 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம், தில்லியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் உள்ள நான்கு தனியார் மருத்துவமனைகளின் கட்டணச் சீட்டுகளை ஆராய்ந்து வெளியிட்டது. மருந்துகளிலும் சிகிச்சைக்குப் பயன்படும் சிறு பொருள்களிலும் சிலவற்றின் இலாபம் 1,700 விழுக்காட்டையும் கடந்திருந்தது. பேரளவில் கொள்முதல் செய்யும் மருத்துவமனைகளின் தேவைக்கேற்பவே அட்டையில் உயர்ந்த விலை அச்சிடப்படுகிறது என்பதையும் ஆணையம் சுட்டிக்காட்டியது. விற்கப் போகிறவரின் இலாபத்துக்காகவே விலை அச்சாகிறது என்றால், அந்த அச்சு யாரைக் காக்கிறது? மறு ஆண்டு, கட்டுப்பாட்டுப் பட்டியலில் இல்லாத 42 புற்றுநோய் மருந்துகளுக்கு மட்டும் வணிக இலாபத்தை 30 விழுக்காட்டுக்குள் ஆணையம் அடக்கியது. உடனே சில மருந்துகளின் விலை 90 விழுக்காடு வரை இறங்கியது. நேற்றுவரை தாலியை அடகு வைத்தவர் கொடுத்த அந்தத் தொண்ணூறு, மருந்தின் விலை அன்று. நடுவழியில் நின்றவர்களுக்குக் கட்டிய சுங்கம்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள்

இவையெல்லாம் எண்கள். எண்ணுக்குப் பின்னே ஆள் இருக்கிறார். முன்பு நான் பணியாற்றிய பங்கு ஒன்றில், கணவரை இழந்த மூதாட்டி ஒருவர் வயல் வேலை செய்து வாழ்ந்து வந்தார். இரத்தக் கொதிப்புக்கு நாள்தோறும் மாத்திரை உட்கொள்ள வேண்டியவர். ஒரு நாள் பூசை முடிந்தபின் என்னிடம் வந்து, "சாமி, இந்த மாத்திரைய ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டாப் போதாதா?" என்று கேட்டார். சில மாதங்களாக அவர் அப்படித்தான் உட்கொண்டு வந்திருக்கிறார். அரசு மருத்துவமனையில் அதே மாத்திரை இலவசமாகக் கிடைக்குமே என்றேன். "அங்க போனா ஒரு நாள் கூலி போயிடும் சாமி" என்றார். கடையில் கொடுக்கும் காசும் ஒரு நாள் கூலிதான். ஆகவே மாத்திரையைப் பாதியாக்கி இரண்டையும் சரிக்கட்டியிருக்கிறார். பன்னிரண்டு ஆண்டுகள் பெரும்பாட்டினால் வருந்திய பெண்ணைப் பற்றி எழுதும் மாற்கு, நோயைச் சொல்வதோடு நிற்காமல், அவள் தன் உடைமை அனைத்தையும் மருத்துவர்களிடம் செலவழித்துவிட்டாள் என்பதையும் சேர்த்து எழுதுகிறார். நோயின் வரலாற்றில் பணத்தின் வரலாறும் அடங்கியிருக்கிறது என்பதை நற்செய்தியாளர் அறிந்திருந்தார்.

அதே ஊரில் மருந்துக்கடை வைத்திருந்த நல்ல மனிதர் ஒருவரிடம் பின்னர் இதைப் பேச நேர்ந்தது. அவர் சொன்ன மறுமொழியையும் மறைக்காமல் எழுத வேண்டும். "குறைச்ச விலை மாத்திரைய எடுத்துக் காட்டுனா, இது டூப்ளிகேட்டான்னு கேக்குறாங்க சாமி. டாக்டர் எழுதுனதை மாத்திக் கொடுக்கவும் எனக்குச் சட்டத்துல இடமில்ல. வாடகையும் வட்டியும் மாசாமாசம் நிக்குது. நான் மட்டும் என்ன பண்ண?" அவர் சொன்னது பொய்யன்று. 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகள், எழுதிக் கொடுத்தவரின் ஒப்புதலின்றி மருந்தை மாற்றிக் கொடுக்கத் தடை விதிக்கின்றன. ஆகவே இங்குப் பழியை ஒருவர் தலையில் சுமத்திவிட்டு எழுந்து போக முடியாது. அறத்தின் அளவுகோலை எடுத்துத்தான் ஒவ்வொருவர் பங்கையும் அளக்க வேண்டும்.

அக்குவினாசின் தராசு

பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் வாணிகத்தின் அறத்தை ஆராய்கிறார். அவர் வணிகரை வெறுத்தவர் அல்லர். இலாபம் தன்னளவில் நன்மையும் அன்று, தீமையும் அன்று. குடும்பத்தைக் காக்கவோ வறியவருக்கு உதவவோ மிதமான இலாபம் தேடுவது முறையே என்பது அவர் முடிபு. நியாய விலையைக் கடுகளவும் பிசகாமல் கணக்கிட இயலாது, சற்று ஏறலாம், சற்று இறங்கலாம் என்றும் அவர் ஒப்புக்கொள்கிறார்.

அதன்பின் அவர் ஒரு நுட்பமான வேறுபாட்டைக் காட்டுகிறார். ஒருவர் தம்மிடமுள்ள பொருளை விற்பதால் தமக்கு இழப்பு நேருமானால், அவ்விழப்புக்காக விலையை உயர்த்தலாம். ஏனெனில் அந்த இழப்பு அவருடையது. ஆனால் விற்பவருக்கு இழப்பு ஏதுமில்லாமல், வாங்குபவருக்கு மட்டும் அப்பொருளால் பெருநன்மை விளையுமானால், அதைக் காரணம் காட்டி விலையை உயர்த்தக் கூடாது. ஏன்? அந்த நன்மை விற்பவரிடமிருந்து பிறக்கவில்லை. வாங்குபவரின் நிலையிலிருந்து பிறக்கிறது. தமக்கு உரிமையில்லாத ஒன்றை விற்க யாருக்கும் உரிமை இல்லை.

வாசக அன்பர்களே, இச்சிந்தனையை மருந்துக்கடையின் முன் நிறுத்திப் பாருங்கள். மாத்திரை கடைக்காரருடையது. அவருடைய உழைப்பும் வாடகையும் முதலீடும் அவருடையவை. இவற்றுக்கெல்லாம் விலை உண்டு. அதை அவர் கேட்க வேண்டும், நாம் கொடுக்க வேண்டும். ஆனால் நோயாளியின் வலி கடைக்காரருடையது அன்று. பிள்ளை பிழைக்க வேண்டுமே என்ற தாயின் பதைப்பு அவர் கொள்முதல் செய்த சரக்கு அன்று. எட்டு ரூபாய்ப் பொருள் நாற்பது ரூபாயாகும்போது, நியாயமான இலாபத்தைக் கழித்தபின் எஞ்சும் தொகை எதன் விலை? அது அந்தப் பதைப்பின் விலை. வாங்குகிறவருக்கே சொந்தமான துன்பத்தை அவருக்கே விற்றுக் காசாக்குகிறோம்.

நோயாளியின் அறியாமைக்கும் இதுவே பொருந்தும். புனித அகுஸ்தீனார் தமக்குத் தெரிந்த ஒருவரைப் பற்றி எழுதுகிறார். அவரிடம் ஒருவன் நூல் ஒன்றை விற்க வந்தான். அதன் அருமை தெரியாமல் மிகக் குறைந்த விலை கேட்டான். வாங்கியவரோ, அவன் எதிர்பாராத வகையில், அந்நூலின் உண்மையான விலையைக் கொடுத்தார். பிறருடைய அறியாமையை அவர் தம் ஆதாயமாக்கிக் கொள்ளவில்லை. அங்கே விற்றவன் அறியாதவன். இங்கே வாங்குகிறவர் அறியாதவர். அறம் ஒன்றே.

பிற்காலத்துச் சாலமாங்கா இறையியலார் பலர், சந்தையில் பொதுவாக நிலவும் விலையே நியாய விலை என்று கற்பித்தனர் என்பது உண்மை. இன்றைய பொருளியலார் சிலர் அதை எடுத்துக்காட்டுவர். ஆனால் அவ்விறையியலார் சில நிபந்தனைகளை வைத்தனர்: அச்சந்தையில் வஞ்சம் இருத்தலாகாது, கட்டாயம் இருத்தலாகாது, சிலர் கூடி விலையை வளைத்தலாகாது. மருந்துச் சந்தையில் வாங்குகிறவர் அறியாதவர், கட்டாயத்தில் நிற்பவர், தேர்வுரிமை அற்றவர். நிபந்தனைகள் இல்லாத இடத்தில் முடிவை மட்டும் எடுத்துக்கொள்வது அவர்களுக்கு நீதி செய்வதாகாது. 2013-ஆம் ஆண்டின் விலைக்கட்டுப்பாட்டு ஆணை, முன்பிருந்த உற்பத்திச் செலவுக் கணக்கைக் கைவிட்டு, சந்தையில் ஏற்கெனவே நிலவும் விலைகளின் சராசரியையே உச்சவிலைக்கு அடிப்படையாக்கியது. ஏற்றிய விலையைக் கொண்டே ஏற்றத்தை அளக்கும் கோல் எவ்வளவு நேராக இருக்கும்?

எழும் மறுப்புகள்

"சட்டம் அனுமதிக்கிறதே" என்பது முதல் மறுப்பு. மனிதச் சட்டம் நற்பண்பில் சிறந்தவர்க்கு மட்டும் இயற்றப்படுவதன்று. எல்லா மக்களுக்கும் இயற்றப்படுவது. ஆகவே அது எல்லாத் தீமையையும் தடுப்பதில்லை. சமுதாயம் குலையாமல் காக்கும் அளவோடு நின்றுகொள்கிறது. இதை அக்குவினாசே இவ்விடத்தில் எடுத்துரைக்கிறார். அச்சிட்ட விலை என்பது அரசு வகுத்த எல்லைக்கோடு. எல்லைக்கோட்டை மிதிக்காதவர் தண்டனைக்குத் தப்புகிறார். அதனால் மட்டும் நீதிமானாகிவிடுவதில்லை.

"மலிவு மருந்து தரமற்றது" என்பது இரண்டாவது மறுப்பு. இதை எளிதில் ஒதுக்கிவிடக் கூடாது. தரமற்ற மருந்து, மருந்தின்மையைவிடக் கொடியது. 2025-ஆம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இருமல் மருந்து குடித்து இறந்தனர். நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான அம்மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு 48.6 விழுக்காடு கலந்திருந்ததை ஆய்வகம் கண்டறிந்தது. அப்பிஞ்சுகளின் முன் நாம் தலைகுனிந்தே நிற்க வேண்டும். ஆனால் ஒன்றை மறக்கலாகாது: அந்த மருந்து வணிகப்பெயரோடுதான் விற்கப்பட்டது. பெயர் தரத்துக்குப் பிணை நிற்கவில்லை. தரத்துக்குப் பிணை நிற்க வேண்டியது சோதனை. 1994-இல் தோன்றிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இதற்கு வழி காட்டியது. பொதுப்பெயரில் ஒப்பந்தப்புள்ளி கோரி மொத்தமாக வாங்குதல், வந்த சரக்கில் ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி எடுத்து ஆய்வகத்தில் சோதித்தல், மாவட்டக் கிடங்குகள் வழியாக மருத்துவமனைகளுக்கு அனுப்புதல் என்ற அதன் முறையைப் பின்னர் வேறு மாநிலங்களும் மேற்கொண்டன. மலிவும் தரமும் ஒரே கிடங்கில் இருக்கக்கூடும் என்பதை அக்கழகத்தின் முறை காட்டியது.

"நான் ஒரு சிறு கண்ணிதானே" என்பது மூன்றாவது. நிறுவனம் மருத்துவரைக் காட்டுகிறது. மருத்துவர் நிறுவனத்தைக் காட்டுகிறார். கடைக்காரர் இருவரையும் காட்டுகிறார். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1987-இல் வெளியிட்ட சமூகச் சுற்றுமடலில் பாவக் கட்டமைப்புகள் என்று குறித்தது இத்தகைய சங்கிலியையே. அக்கட்டமைப்புகள் தனிமனிதரின் செயல்களில் வேர்கொண்டவை என்பதையும் அவர் சேர்த்தே சொன்னார். சங்கிலி முழுவதையும் நான் அறுக்க முடியாமலிருக்கலாம். என் கண்ணியில் எவ்வளவு இறுக்கம் வேண்டும் என்பது என் கையில்தான் இருக்கிறது.

"இலாபம் குறைந்தால் சிற்றூர்க் கடை மூடப்படும்" என்பது இறுதி மறுப்பு. இது நேர்மையான அச்சம். சிற்றூரில் இரவு பத்து மணிக்குக் கதவைத் தட்டினால் எழுந்து மருந்து கொடுக்கும் கடைக்காரர் ஊருக்குப் பெருந்துணை. அவர் வாழ வேண்டும். எனவே இலாபமே கூடாது என்று இங்குச் சொல்லவில்லை. அவர் உழைப்புக்கும் இடருக்கும் ஈடான இலாபத்தை வெளிப்படையாகப் பெறட்டும். நாற்பது விழுக்காடு வேண்டுமென்றால்கூட அதற்குக் காரணம் காட்டட்டும். நானூறு விழுக்காட்டுக்குக் காரணம் காட்ட இயலாது. அதனால்தான் அது அச்சிட்ட விலைக்குள் மறைந்துகொள்கிறது.

நம் வீட்டுக் கணக்கு

செய்யக்கூடியவை பல. எல்லா மருத்துவரும் மருந்தின் பொதுப்பெயரைத் தெளிவாக எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கழகம் 2016-இல் விதித்தது. 2023 ஆகஸ்டில் வந்த கடுமையான புதிய விதி அதே மாதத்திலேயே நிறுத்தி வைக்கப்பட்டது. மருத்துவர் சங்கங்கள் தர ஐயத்தையே காரணமாகக் காட்டின. ஆனால் நோயாளியிடம், "இதே மருந்து குறைந்த விலையிலும் உண்டு" என்று ஒரு வாக்கியம் சொல்ல எந்த விதியும் தேவையில்லை. மத்திய அரசின் மக்கள் மருந்தகங்கள் 2008-இல் தொடங்கி இன்று 15,000-ஐக் கடந்துள்ளன. தமிழக அரசு 2025 பிப்ரவரியில் ஆயிரம் முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது. இவை எங்குள்ளன என்பதை நம் அன்பியக் கூட்டங்களில் சொன்னால் அதுவும் நோயாளிக்குச் செய்யும் தொண்டே. படித்த இளைஞர்கள் தம் தெருவிலுள்ள முதியோரின் மருந்துச் சீட்டைப் படித்து, பொதுப்பெயர் என்ன, குறைந்த விலையில் எங்குக் கிடைக்கும் என்று மருத்துவரிடமே கேட்டுச் சொல்லலாம்.

ஆனால் பிறருக்கு அறிவுரை சொல்லுமுன் நம் வீட்டுக் கணக்கைப் பார்ப்பது நலம். திருச்சபையும் மருத்துவமனைகளை நடத்துகிறது. அவற்றுள் பலவற்றில் மருந்தகத்தின் வருவாயே வறியோரின் இலவசச் சிகிச்சையைத் தாங்கி நிற்கிறது. "ஒரு நோயாளியிடம் எடுத்து மற்றொரு நோயாளிக்குத்தானே கொடுக்கிறோம்" என்று நிருவாகிகள் நல்ல மனத்தோடு சொல்கின்றனர். நல்ல மனத்தை நான் ஐயுறவில்லை. எனினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். தருமம் என்பது தம் பொருளிலிருந்து கொடுப்பது. கேளாமல் பிறர் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பது தருமத்தின் கணக்கில் சேராது. மேலும், அச்சிட்ட விலைக்கு மருந்து வாங்கியவர் செல்வர் என்று யார் கண்டார்? கடன் வாங்கி வந்த ஏழையாகவும் இருக்கலாம். வசதியுள்ளவரிடம் கூடுதலாகப் பெற வேண்டுமென்றால், தனி அறைக் கட்டணத்தில் வெளிப்படையாகப் பெறலாம். அதை அவர் அறிந்தே தேர்ந்தெடுக்கிறார். மருந்துக்கோ, கொள்முதல் விலை இவ்வளவு, நிருவாகச் செலவு இவ்வளவு என்று வரையறுத்து, எல்லோருக்கும் ஒரே நியாய விலை வைக்கலாம். பணம் வாங்காமல் மருத்துவம் செய்ததாகப் போற்றப்படும் புனிதர்கள் கோஸ்மா, தமியான் ஆகியோரைப் பீடத்தில் வைத்து வணங்கும் நாம், குறைந்தது பற்றுச்சீட்டையாவது ஒளிவு மறைவின்றி எழுத வேண்டாமா?

சத்திரக்காரர்

வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக்கினார்: நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து அதைப் பிழையின்றி ஆக்கித் தருபவர். இந்நால்வகையில் விற்பவருக்குத் தனி இடமில்லை. இன்றைய மருந்துக்கடைக்காரர் அந்த நான்காமவரின் இடத்தில் நிற்க முடியும். நின்றால் அவர் தொழில் மருத்துவத்தின் ஒரு பகுதி. அந்த இடத்தை விட்டு வெளியேறினால் அவர் வெறும் வணிகர். அவரிடம் நோயாளி வெறும் வாடிக்கையாளர்.

நல்ல சமாரியர் உவமையில் நாம் அதிகம் கவனிக்காத ஒருவர் இருக்கிறார். அடிபட்டுக் கிடந்தவரைச் சமாரியர் சத்திரத்தில் சேர்த்து, இரண்டு தெனாரியம் கொடுத்து, மேற்கொண்டு ஆகும் செலவைத் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிவிட்டுப் போகிறார். ஒரு தெனாரியம் கூலியாள் ஒருவரின் ஒரு நாள் ஊதியம். இனி என்ன செலவாயிற்று என்பது சத்திரக்காரருக்கு மட்டுமே தெரியும். படுக்கையில் கிடப்பவருக்கு நினைவில்லை. கொடுக்கப் போகிறவர் ஊரில் இல்லை. சான்றும் இல்லை, எல்லையும் இல்லை. எண்ணெய்க்கும் திராட்சை இரசத்துக்கும் அவர் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். கேட்பார் எவரும் இலர்.

சத்திரக்காரர் அந்தக் கணக்கை எப்படி எழுதினார் என்பதை ஆண்டவர் சொல்லவில்லை. சமாரியரின் இரக்கம் முழுப்பயன் தருவதும் தராததும் அந்தக் கணக்கைப் பொறுத்தே இருந்தது. இன்று மருந்துச் சீட்டை நீட்டும் ஒவ்வொருவரும் நம்மை நம்பி அப்படியொரு கணக்கைத் திறந்து வைக்கிறார். மருந்து செய்பவர், எழுதுபவர், விற்பவர், மருத்துவமனை நடத்துபவர் ஆகிய நாம் அனைவரும் அதில் ஒவ்வொரு வரி எழுதுகிறோம். திரும்பி வருகிறவர் அதைப் படித்துப் பார்ப்பார் என்ற நினைவோடு எழுதுவோமானால், அட்டையில் என்ன அச்சிட்டிருக்கிறது என்பதைப் பார்க்கும் தேவை நமக்கு இராது.